திரைக்கு வெளியே நிற்கிறவர்

ஜுஜுட்சு கைசென் என்கிற ஜப்பானிய அனிமேவின், அதாவது கார்ட்டூன் தொடரின், இரண்டாவது சீசனைப் பார்த்து முடித்த அன்று அக்கா மகன் கேட்டான், "மாமா, உங்களுக்கு இதுல யாரைப் பிடிச்சிருக்கு?" அவன் ஃபோன் கவரில் அந்தத் தொடரின் ஆகப்பெரிய மந்திரவாதி கோஜோ, நோட்டு அட்டையில் கோஜோ, டிபியில் கோஜோ. என்ன பதிலை எதிர்பார்த்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. "இஜிச்சி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு, அந்த டிரைவரா?" என்றான்.

அந்த டிரைவர்தான். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், இப்போதே சொல்லிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. மனிதர்களின் பயமும் வெறுப்பும் துக்கமும் கசிந்து கசிந்து சாபங்களாக உருவெடுக்கிற உலகம் இது. அந்தச் சாபங்களை ஒழிப்பதற்கென்றே மந்திரவாதிகள் இருக்கிறார்கள். அவர்களைத் தயார்செய்ய தோக்கியோவில் ஒன்று, கியோத்தோவில் ஒன்று என இரண்டு பள்ளிகள். கெகே அகுதாமி 2018 மார்ச்சில் ஷோனென் ஜம்ப் வார இதழில் ஆரம்பித்து, 2024 செப்டம்பரில் 271 அத்தியாயங்களோடு முடித்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 2020 அக்டோபரிலிருந்து மாப்பா ஸ்டுடியோ அதை அனிமேவாக எடுத்துவருகிறது. தமிழ்க் குரலிலும் வந்துவிட்டதால் நம் பிள்ளைகள் வாயில் இந்தப் பெயர்களெல்லாம் சரளமாகப் புழங்குகின்றன.

இஜிச்சி கியோத்தாகா தோக்கியோ பள்ளியில் வேலை பார்க்கிறார். பதவிப் பெயர் 'ஹோஜோ கந்தோக்கு', துணைக் கண்காணிப்பாளர். கண்ணாடி, ஒட்டிய கன்னம், கறுப்பு சூட்டு. பார்த்தால் நாற்பதைத் தாண்டியவர் மாதிரி இருப்பார், உண்மையில் வயது 26. கோஜோவுக்கும், நனாமி என்கிற இன்னொரு மந்திரவாதிக்கும் ஜூனியர். மந்திர சக்தி கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று விவரம் சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்து மக்களை அப்புறப்படுத்த வேண்டும், 'திரை' போட வேண்டும். திரை என்றால் அந்த இடத்தை மட்டும் கவிழ்த்து மூடுகிற ஒரு கறுப்புக் கூடாரம். உள்ளே பட்டப்பகலிலும் ராத்திரியாகிவிடும், வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. திரை விழுந்ததும் பிள்ளைகள் உள்ளே போவார்கள். இவர் வெளியே நிற்பார்.

எனக்கு இவரைப் பிடித்துப்போனது முதல் சீசனின் நாலாவது எபிசோடில். கதைப்படி 2018 ஜூலை. மேற்குத் தோக்கியோவில் ஒரு சிறார் சீர்திருத்தப் பள்ளி. உள்ளே ஐந்து பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு ஒரு சாபக் கரு. அது முற்றினால் 'சிறப்புத் தரம்' ஆகலாம், அதாவது இருப்பதிலேயே மோசமான ரகம். அனுப்பப்படுவது யார் தெரியுமா? கதாநாயகன் யூஜி, அவன் கூடப் படிக்கிற மெகுமி, நோபாரா. மூன்று பேரும் முதலாமாண்டு. கோஜோ ஊரில் இல்லை.

மழைத் தூறலில் நின்று இஜிச்சி அவர்களுக்கு நிலைமையை விளக்குகிறார். சிறப்புத் தரத்தை எதிர்கொண்டால் உங்களுக்கு இருப்பது இரண்டே வழி, ஒன்று ஓடுவது, இல்லையென்றால் சாவது. உங்கள் பயம் என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள். பிழைத்திருப்பவர்களைத் தேடிக் கூட்டிவருவது மட்டும்தான் உங்கள் வேலை, அதை மறக்காதீர்கள். இதுதான் அவர் சொல்வதன் சாரம்.

முதல் தடவை பார்த்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது தடவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த மாதிரி சண்டைக் கதைகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வார்கள்? பயத்தை வெல்லு, எல்லையை உடை, உன்னால் முடியும். பையன்களுக்கான ஷோனென் என்கிற வகையே பாதி இந்த வசனங்களில்தான் ஓடுகிறது. இந்த மனிதர் பயத்தைக் கேள் என்கிறார். பயம் வந்தால் திரும்பி வந்துவிடு, உன்னை யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள் என்கிற அனுமதி அதில் இருக்கிறது.

எனக்கு ஏன் அப்படித் தைத்தது என்றால், ஒரு காலத்தில் நானும் ஆள் அனுப்புகிற வேலையில் இருந்தேன். கேபிள் இழுக்கிற பையன்களை எந்தத் தெருவுக்கு யார் போவது என்று பிரித்து அனுப்ப வேண்டும். எனக்கு நாற்காலி, அவர்களுக்கு ஏணி. ஒரு நவம்பர் மாதம், விடாத மழை, புகார் மேல் புகார். இருபது வயதுப் பையன் ஒருவன் வாசலில் நின்று, "அண்ணே, கம்பமெல்லாம் ஈரமா இருக்குமே" என்றான். "பாத்துப் போப்பா" என்று சொல்லி அனுப்பினேன். வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான், என்மேல் அவனுக்குக் கோபம்கூட இல்லை. ஆனால் அவன் என்னிடம் கேட்க வந்தது அனுமதி. நான் கொடுத்தது அறிவுரை. "பயமா இருந்தா ஏறாத, நான் பேசிக்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே இருப்பவரிடம் யார் திட்டு வாங்குவது?

சரி, கதைக்கு வருகிறேன்.

அதே காட்சியில் ஒரு அம்மா வருகிறார். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பையனின் தாய். என் மகன் நன்றாக இருக்கிறானா என்று கேட்கிறார். இஜிச்சி அவரிடம் பொய் சொல்கிறார். உள்ளே யாரோ விஷம் பரப்பியிருக்கலாம், இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார். அந்த அம்மா அங்கேயே உடைந்து அழுகிறார். சாபம் என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் பொய். சிலர் இவரை 'பாவம், நல்ல மனுஷன், காமெடி பீஸ்' என்று கடந்துபோவது எனக்குச் சம்மதம் இல்லாததற்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம். நல்லவர்தான். ஆனால் கை சுத்தமானவர் இல்லை. பிள்ளைகளைச் சாவுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிற கார் இவருடையது. மேலிடத்து உத்தரவைக் கொண்டுவந்து சேர்க்கிற வாய் இவருடையது. அந்த உத்தரவே, உடம்புக்குள் சாபங்களின் ராஜா சுக்குனாவைச் சுமக்கிற யூஜியை ஒழித்துக்கட்டப் பெரிசுகள் போட்ட திட்டம் என்று பிறகு தெரியவருகிறது. இவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் காரை எடுக்காமல் இருந்திருப்பாரா? நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இங்கேதான் கொஞ்சம் சண்டை போடத் தோன்றுகிறது. நல்ல மனம் என்றால் அந்த அமைப்பையே தூக்கி எறிந்துவிட்டு வெளியேற வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லலாம். வெளியேறினால் அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்காருவார்? பயத்தைக் கேளுங்கள் என்று அவர் சொல்வாரா? அன்றைக்கு நோபாரா அடிபட்டுத் திரும்பியபோது அவளைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குப் பறந்ததும் இதே ஆள்தான். இதை வைத்து அவர் செய்கிற எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிட முடியாது. எனக்கும் இதில் முடிவான பதில் கிடையாது. மணிக்கட்டு விஷயத்துக்குப் பிறகு நானும் இன்னும் மூன்று வருடம் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

யூஜி அந்தச் சீர்திருத்தப் பள்ளியில் இறந்துபோகிறான். (மீண்டு வருவான், பதறாதீர்கள்.) பிணவறையில் கோஜோ கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யார் செய்தது என்று தேடுவதுகூட வீண்வேலை, மேலிடத்தில் எல்லாரையும் கொன்றுவிடலாமா என்கிற அளவுக்குப் பேசுகிறார். அதைக் கேட்டுக்கொண்டு முன்னால் நிற்பது இஜிச்சி. வியர்த்துக் கொட்டுகிறது. கோபம் மேலிடத்தின் மீது, ஆனால் அது இறங்குகிற இடம் எதிரில் நிற்கிற குமாஸ்தா. அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்த நிற்பு தெரியும். அப்போது செத்த பையன் மேசையிலிருந்து எழுந்து உட்காருகிறான். இஜிச்சிக்கு நாக்கு குழறுகிறது. கோஜோ அவரைச் சத்தம் போடாதே என்கிறார். சிரிக்காமல் இருக்க முடியாது.

கோஜோ ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவர் இஜிச்சியை நடத்துகிற விதம் எனக்கு எரிச்சல்தான். ஒரு ராத்திரி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, நீ முன்னால் போ என்கிறார். இஜிச்சிக்கு ஓடுகிற முதல் யோசனை, இது ஏதாவது சோதனையோ, நிஜமாகவே போய்விட்டால் அப்புறம் அடிப்பாரோ என்பதுதான். நகைச்சுவைக்காக எழுதியது, சரி. ஆனால் சீனியரிடம் வருடக்கணக்காகக் குட்டு வாங்கியவனின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். அந்த இடத்தில் கோஜோ இறங்கியது எதிரி வந்ததால், அதாவது இவரை ஆபத்திலிருந்து தள்ளி அனுப்ப. பாசம்தான். அதை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பேசிக் காட்டினால் என்ன?

நனாமி வேறு மாதிரி. 'இஜிச்சி-குன்' என்று பெயர் சொல்லி, ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனிடம் பேசுவதுபோல் பேசுவார். கம்பெனி வேலை பார்த்துவிட்டு வந்தவர் இல்லையா, ஒரு இடம் ஓடுவது யாரால் என்று அவருக்குத் தெரியும். ஜுன்பெய் என்கிற பள்ளி மாணவனைச் சுற்றி வரும் கதையில் யூஜியை ஆபத்துக்குப் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இஜிச்சியிடம்தான் விடுகிறார். அது கைநழுவிப் போகிறது. ஜுன்பெயின் பள்ளிக்கூடத்தின் மேல் திரை விழுந்ததும், போகாதே, நனாமி வரட்டும் என்று இஜிச்சி கெஞ்சுகிறார், பையன் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறான்.

அதனால்தான் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் நனாமி கொதிக்கும்போது எனக்கும் கொதித்தது. 2018 அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி. எதிரிகள் போட்ட திரைக்குள் ஃபோன் வேலை செய்யாது. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் வெளியே நிற்கிற துணைக் கண்காணிப்பாளர்கள்தான். ஹருத்தா என்கிற ஒருத்தன், சிரித்துக்கொண்டே, வரிசையாக அவர்களைக் குத்துகிறான். இஜிச்சி ரத்த வெள்ளத்தில் கிடப்பதை நனாமி பார்க்கிறார். அப்புறம் ஹருத்தாவிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி, உன் ஆட்கள் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள். அடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், திரும்பத் திரும்ப அதே கேள்வி. அந்த சீசனில் எத்தனையோ பெரிய சண்டைகள் இருக்கின்றன. சண்டையே போடாத ஒருவருக்காக வந்த கோபம் என்பதால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இஜிச்சி பிழைத்துவிடுகிறார்.

ஒரு சின்னத் தகவல். இவருக்குக் குரல் கொடுப்பவர் இவாத்தா மிட்சுவோ. 1988-ல் வந்த அகிரா படத்தில் சிவப்பு பைக்கில் பறக்கிற கனேதாவின் குரலும் இவருடையதுதான். நம்பவே முடியவில்லை இல்லையா? அந்தத் திமிரான குரல்தான் இங்கே முப்பது வருடம் கழித்து, "கோ... கோ... கோஜோ-சான்" என்று நடுங்குகிறது.

மங்கா படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதே வருடம் டிசம்பர் 24, தோக்கியோவின் ஷின்ஜுக்கு. கோஜோவுக்கும் சுக்குனாவுக்கும் நடக்கிற அந்தப் பெரிய சண்டை. கோஜோவின் முதல் அடி எதிரிக்குத் தெரியாமல் கிளம்ப வேண்டும். கியோத்தோ பள்ளியைச் சேர்ந்த உத்தாஹிமே சடங்கு செய்கிறார், ககுகன்ஜி இசை வாசிக்கிறார். கோஜோவின் சக்தி திரள்வது வெளியே கசியாமல் மறைக்க ஒரு திரை வேண்டும். அதைப் போட்டது இஜிச்சி.

அக்கா மகன் அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தவன். போன வாரம் இதைச் சொன்னேன். "அதுல இஜிச்சி இருந்தாரா மாமா?" என்று ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.