ஹாப்ஸ்பர்க் எழுச்சி: திருமணங்களுக்கு நாம் தரும் மிகையான பெருமை

"மற்றவர்கள் போர் புரியட்டும், பேறுபெற்ற ஆஸ்திரியாவே, நீ மணம் புரிந்துகொள்" என்று பொருள்படும் லத்தீன் வரி ஒன்று, ஹாப்ஸ்பர்க் குடும்பத்தைப் பற்றி யார் எழுதினாலும் தவறாமல் வந்துவிடுகிறது. சுவையான வரிதான். ஆனால், இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்கௌ பகுதியில் ஒரு மலைக்கோட்டையை வைத்திருந்த பிரபுக் குடும்பம், ஜெர்மானிய நிலங்களை மையமாகக் கொண்ட புனித ரோமப் பேரரசின் மணிமுடியைத் தலைமுறை தலைமுறையாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்ததை அந்த ஒரு வரியால் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் அக்கால ஐரோப்பாவின் எல்லா அரச குடும்பங்களும் செய்த காரியம். அவற்றுள் பெரும்பாலானவை வாரிசின்றி மறைந்தன. இந்தக் குடும்பம் நிலைத்ததற்கு அடித்தளம், 1282-ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு நில வழங்கல் என்பதே என் கருத்து.

அதற்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். 1250-இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இறந்த பிறகு, ஜெர்மானிய நிலப்பரப்பில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அரசர் என்று ஒருவர் இல்லாமல் போனார். 1257-இல் ஒரு தரப்பு இங்கிலாந்து அரசரின் தம்பியான கார்ன்வால் ரிச்சர்டையும், மறுதரப்பு காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவையும் தேர்ந்தெடுத்தன. அல்ஃபோன்சோ ஜெர்மனிக்கு ஒருமுறைகூட வரவில்லை. 1272-இல் ரிச்சர்ட் இறந்தபோது, திருத்தந்தை பத்தாம் கிரகோரி புதிய அரசரை விரைவில் தேர்ந்தெடுக்குமாறு வற்புறுத்தினார். அந்தப் பதவிக்கு இயல்பாகப் பொருந்தியவர் பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மன்னர் இரண்டாம் ஒட்டோகர். ஆஸ்திரியாவை ஆண்ட பாபன்பர்க் வம்சத்தின் ஆண் வாரிசு 1246-இல் அற்றுப்போன பின் ஆஸ்திரியாவையும், அதைத் தொடர்ந்து ஸ்டிரியா, கரிந்தியா, கார்னியோலா ஆகியவற்றையும் அவர் தம் கைக்குள் கொண்டுவந்திருந்தார். அவரிடம் செல்வமும் படையும் இருந்தன. அவரை அரசராக்க, அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பேராயர்களும் ஆட்சியாளர்களுமான தேர்வாளர்கள் அஞ்சியதற்குக் காரணமும் அவைதான். தங்களை அடக்கியாளும் வலிமை இல்லாத ஒருவரைத் தேடிய அவர்கள், 1273 அக்டோபர் முதல் நாள் ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐம்பத்தைந்து வயதான அந்தப் பிரபு, அப்போது பாசல் நகர ஆயருக்கு எதிரான முற்றுகையில் ஈடுபட்டிருந்தார்.

அவர்கள் கணக்குப் போட்ட அளவுக்கு ருடால்ஃப் எளியவர் அல்லர். 1264-இல் தாய்வழி உறவினரான கீபர்க் குடும்பத்தின் ஆண் வழி முடிந்தபோது, இறந்தவரின் கைம்பெண்ணான சவோய் மார்கரெட்டின் உரிமையைப் புறக்கணித்து, அந்தச் சொத்தின் பெரும்பகுதியைப் படைபலத்தால் எடுத்துக்கொண்டவர் அவர். உறவுமுறை உரிமை கோர உதவும், அந்த உரிமையைக் கைப்பற்ற வாள் வேண்டும் என்பதை அரசராவதற்கு முன்பே அவர் நன்கு அறிந்திருந்தார்.

முடிசூட்டு விழாவை ஒட்டியே தம் மகள்களில் ஒருவரைப் பாலட்டினேட் ஆட்சியாளருக்கும், மற்றொருவரைச் சாக்சனி டியூக்குக்கும் மணமுடித்து வைத்தார். இவற்றால் அவருக்கு ஒரு பிடி நிலமும் கிடைக்கவில்லை. இரண்டு தேர்வாளர்கள் மருமகன்களாகக் கிடைத்தார்கள். ஹாப்ஸ்பர்க் திருமணங்களில் காலத்தால் முந்தியதும் மிகக் கூர்மையான அரசியல் பயன் தந்ததும் இந்த ஜோடித் திருமணங்கள்தாம் என்பேன். ஆனால் அந்த லத்தீன் வரியை மேற்கோள் காட்டுவோர் இவற்றை அரிதாகவே நினைவுகூர்கிறார்கள்.

1274-இல் நியூரம்பர்க்கில் கூடிய அவை, இரண்டாம் ஃபிரெடரிக்கின் இறுதிக் காலம் தொடங்கிப் பேரரசிடமிருந்து முறையின்றிக் கைமாறிய நிலங்கள் யாவும் திரும்பி வர வேண்டும் என்று முடிவெடுத்தது. பொதுவிதிபோல் எழுதப்பட்டிருந்தாலும், அதன் இலக்கு ஒட்டோகர் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. 1276-இல் வியன்னாவுக்கு முன்னால் அடிபணிந்து ஆஸ்திரிய நிலங்களை விட்டுக்கொடுத்த ஒட்டோகர், இரண்டே ஆண்டுகளில் மீண்டும் படையெடுத்து வந்தார். 1278 ஆகஸ்ட் 26 அன்று மார்க்ஃபெல்ட் சமவெளியில் நடந்த போரில், ருடால்ஃபின் பக்கம் ஹங்கேரி மன்னர் நான்காம் லாடிஸ்லாஸும் அவருடைய கூமானிய வில்வீரர்களும் நின்றார்கள். மறைத்து வைத்திருந்த சிறு குதிரைப்படை ஒன்று தக்க நேரத்தில் பக்கவாட்டில் பாய்ந்து போரின் போக்கை மாற்றியது. மறைந்திருந்து தாக்குவது வீரருக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. ஒட்டோகர் அந்தக் களத்திலேயே கொல்லப்பட்டார்.

இங்கேதான் ருடால்ஃபின் உண்மையான திறமை தெரிகிறது. அரசர் பதவி தேர்தலால் வருவது. அவர் இறந்ததும் தேர்வாளர்கள் வேறொரு குடும்பத்தை நாடலாம். ஆகவே பதவி கையில் இருக்கும்போதே, அதன் அதிகாரத்தைக் கொண்டு, பதவி போன பின்னும் போகாத ஒன்றைத் தம் குடும்பத்துக்குத் தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் கருதினார். தேர்வாளர்களின் எழுத்துவழி ஒப்புதலைப் பொறுமையாகச் சேர்த்து, 1282 டிசம்பரில் ஆஸ்திரியாவையும் ஸ்டிரியாவையும் தம் மகன்களுக்கே வழங்கினார். பேரரசுக்காக மீட்ட நிலம் குடும்பச் சொத்தானது. இதைச் சூழ்ச்சி என்பதா, தொலைநோக்கு என்பதா என்பது படிப்பவர் விருப்பம். எனக்கு அது இரண்டும்தான்.

அவர் எதிர்பார்த்தபடியே மணிமுடி கைநழுவியது. 1291-இல் அவர் இறந்ததும் தேர்வாளர்கள் நாசௌ அடால்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். 1298-இல் அடால்ஃபைப் போரில் வீழ்த்தி அரசரான மகன் ஆல்பர்ட், 1308-இல் சொந்தத் தம்பியின் மகனாலேயே கொல்லப்பட்டார். அதன் பின் மணிமுடி லக்சம்பர்க் குடும்பத்துக்கும் பவேரியர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1314-இல் இரட்டைத் தேர்தலில் நின்ற ஆல்பர்ட்டின் மகன் அழகன் ஃபிரெடரிக் 1322-இல் தோற்றுச் சிறைப்பட்டார். 1315-இல் மோர்கார்டனிலும் 1386-இல் செம்பாக்கிலும் சுவிஸ் மக்கள் ஹாப்ஸ்பர்க் படைகளை முறியடித்தார்கள். 1415-இல் குடும்பத்துக்குப் பெயர் தந்த கோட்டையே அவர்கள் கைக்குப் போயிற்று. இத்தனை இழப்புகளுக்கு நடுவிலும் ஆஸ்திரிய நிலங்கள் மட்டும் நிலைத்தன. 1335-இல் கரிந்தியாவும் 1363-இல் டிரோலும் அவற்றோடு சேர்ந்தன. 1308 முதல் 1438 வரையிலான நூற்றுமுப்பது ஆண்டுகளை நமது வரலாற்று உரையாடல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த நிலங்களின் வருவாய்தான்.

அந்த இடைவெளியில் நடந்த ஒரு மோசடி எனக்கு மிகவும் பிடித்தமானது. 1356-இல் பேரரசர் நான்காம் சார்ல்ஸ் வெளியிட்ட பொற்பட்டயம், அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மூன்று பேராயர்களுக்கும் நான்கு ஆட்சியாளர்களுக்கும் மட்டுமே உண்டு என்று வரையறுத்தது. அந்த ஏழு பேரில் ஆஸ்திரியா இல்லை. சார்ல்ஸின் மருமகனும் இருபது வயதைத் தொடாதவருமான ஆஸ்திரிய டியூக் நான்காம் ருடால்ஃப், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஒரு கட்டு ஆவணங்களைத் தயாரித்துக் கொண்டுவந்தார். ஆஸ்திரிய ஆட்சியாளருக்கு ஏனைய டியூக்குகளைவிட உயர்ந்த தகுதியும் தனிச் சலுகைகளும் உண்டு என்று கூறிய அந்தக் கட்டில், ஜூலியஸ் சீசரும் நீரோவும் வழங்கியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களும் இருந்தன. சார்ல்ஸ் அவற்றைப் பெட்ரார்க்கிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். அந்தப் பெருங்கவிஞர் ஆவணங்களை எழுதியவரின் அறியாமையை எள்ளி நகையாடினார். ருடால்ஃப் இருபத்தைந்து வயதில் இறந்துபோனார். ஆனால் காகிதம் இறக்கவில்லை. 1440-இல் அரசராகி, 1452-இல் ரோமில் பேரரசராக முடிசூடிய மூன்றாம் ஃபிரெடரிக், 1453-இல் தம் முன்னோரின் அந்தப் போலி ஆவணத்துக்குத் தாமே ஒப்புதல் அளித்தார். அது போலி என்பதை அறிஞர்கள் ஐயமற நிறுவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இனித் திருமணங்களுக்கு வருவோம். லக்சம்பர்க் பேரரசர் சிகிஸ்மண்டின் ஒரே மகளை மணந்த ஆஸ்திரிய டியூக் ஐந்தாம் ஆல்பர்ட்டுக்கு, மாமனாரின் மறைவுக்குப் பின் ஹங்கேரியும் பொஹீமியாவும் கிடைத்தன. 1438-இல் ஜெர்மானிய மணிமுடியும் வந்தது. மறு ஆண்டே அவர் இறந்தார். அவர் இறந்த பின் பிறந்த மகனும் 1457-இல் மறைய, இரு நாடுகளும் தத்தம் மண்ணின் பிரபுக்களையே அரசர்களாக்கிக் கொண்டன. அவர்களுள் ஹங்கேரியின் மத்தியாஸ் 1485-இல் வியன்னாவையே பிடித்து, 1490-இல் தாம் இறக்கும்வரை வைத்திருந்தார். பெண்வழி வந்த நாடுகள் இருபது ஆண்டுகளுக்குள் போனதையும், வாளால் பிடித்துச் சட்டத்தால் கட்டிய நிலம் தலைநகர் பறிபோன பிறகும் மீண்டதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பர்கண்டியும் இப்படித்தான். 1477-இல் பர்கண்டி டியூக் சார்ல்ஸ் நான்சியில் போரில் மடிந்தபின், அவர் மகள் மேரியை மூன்றாம் ஃபிரெடரிக்கின் மகன் மாக்சிமிலியன் மணந்தது பெரும் பேறு என்பதில் மறுப்பில்லை. ஆனால் பிரான்சுடன் போரிட்டு, 1482-இல் குதிரையிலிருந்து விழுந்து மனைவி இறந்த பின் ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் கிளர்ச்சியைச் சந்தித்து, 1488-இல் புரூஜ் நகர மக்களால் சிறைவைக்கப்பட்டு, 1493-இல்தான் அவர் ஓர் உடன்படிக்கையை எட்டினார். அப்போதும் பர்கண்டி டியூக் நிலம் பிரான்சிடமே நின்றது. போரை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு மணம் புரிந்தவரின் வாழ்க்கையா இது?

ஸ்பெயின் மட்டும் உண்மையிலேயே தற்செயல். 1496-இல் மாக்சிமிலியனின் மகன் ஃபிலிப் மணந்த ஸ்பெயின் இளவரசி ஹுவானாவுக்கு முன்னால் அண்ணன், அக்காள், அக்காளின் மகன் என்று மூன்று வாரிசுகள் இருந்தார்கள். 1497-க்கும் 1500-க்கும் இடையில் மூவரும் இறந்தார்கள்.

இவ்வளவும் ஒருவர் கையில் சேர்ந்த பின்னரும், ஹுவானாவின் மகன் சார்ல்ஸுக்கு 1519-இல் பேரரசுப் பதவி தானாக வரவில்லை. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் போட்டியிட்டார். ஏழு தேர்வாளர்களுக்கும் அவர்களைச் சூழ்ந்தோருக்கும் ஹாப்ஸ்பர்க் தரப்பு ஏறத்தாழ எட்டரை லட்சம் பொற்காசுகளைச் செலவிட்டது. அதில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை ஆக்ஸ்பர்க் வணிகர் யாக்கோப் ஃபுக்கர் கொடுத்த கடன். பணத்தைப் பெற்றுக்கொண்ட தேர்வாளர்கள், எளியவர் என்று எண்ணி ஒரு ஹாப்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுத்த 1273-இன் நிலைமை இனி இல்லை என்பதை உணர்ந்திருந்தார்கள். வெளிநாட்டுப் படைகளை அவர்கள் ஒப்புதலின்றிப் பேரரசுக்குள் கொண்டுவருவதில்லை, பேரரசின் பதவிகளை ஜெர்மானியருக்கே தருவது, அலுவல்களை ஜெர்மன் அல்லது லத்தீன் மொழியிலேயே நடத்துவது என்று வரிவரியாக எழுதிய நிபந்தனைப் பத்திரத்துக்கு, முடிசூடும் முன்பே சார்ல்ஸ் தரப்பை இணங்க வைத்தார்கள்.