இலவச பாஸ் கிடையாது

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள். நான் எந்த ராக் குழு எந்த ஊருக்கு வருகிறது என்று பார்ப்பேன். திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் பருவம். அதைத் தாண்டி மைதானத்தில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் வேறு வகையான உடம்பு வேண்டும். இந்த வருடமும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வட்டங்களின் மேல் கல்யாணம், பால்காய்ப்பு, பிறந்தநாள் எதையும் வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாற்பது தாண்டிய, அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற, வாரம் தவறாமல் ஆலயத்துக்குப் போகிற பெண்ணுக்கு எதற்கு இந்த இரைச்சல் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கன்னியாகுமரி மாவட்டத்தில் இரைச்சல் இல்லாத மாதம் எது? கோயில் கொடை, பங்குத் திருவிழா, அசன விருந்து, கட்சிக் கூட்டம் என்று கூம்பு ஒலிபெருக்கிக்கு ஓய்வே கிடையாது. சத்தம் நமக்குப் பழக்கம்தான். அந்தச் சத்தத்துக்குள் இசை இருந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே ஆலயத்தில்தான். சிறு வயதில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடினேன். நான்கு குரல்கள் நான்கு வழியாகப் போய் ஓரிடத்தில் வந்து சேரும்போது முதுகுத்தண்டில் ஏதோ ஏறும். பிற்பாடு அயர்ன் மெய்டன் குழுவின் கிட்டார்கள் சேர்ந்து வாசிப்பதை ஒலிநாடாவில் கேட்டபோது, ஆல்ட்டோவும் உச்சக் குரலான சோப்ரானோவும் மின்சாரம் பாய்ந்து பாடுவதுபோல இருந்தது. அந்நியமாகப் படவே இல்லை. அந்தக் குழு 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது என் மடியில் கைக்குழந்தை. டில்லியின் பரிக்கிரமா குழு அவர்களுக்கு முன்னால் மேடையேறியது என்று பத்திரிகையில் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டதோடு சரி.

2011-இல் அமெரிக்காவின் மெட்டாலிகா குழு வந்தபோது விடவில்லை. அக்டோபர் 28 அன்று டில்லி பக்கத்தில் குர்கானில் நடக்கவிருந்த அவர்களுடைய கச்சேரி கடைசி நேரத்தில் நின்றுபோனது, கூட்டம் தடுப்புகளைப் பிய்த்தெறிந்தது. நாங்கள் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கிளம்புவதற்கு முந்தைய இரவு அந்தச் செய்தி வந்தது. 'பெங்களூரிலும் இதே கதைதான், படுத்துத் தூங்கு' என்றார் என் கணவர். தூங்கவில்லை. திருவனந்தபுரம், எர்ணாகுளம், பாலக்காடு, கோவை, சேலம் என்று ஊர் சுற்றிப் போகிற அந்த ரயிலில் ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் இறங்கிப் பத்திரிகை வாங்கிப் பார்த்தோம். 30-ஆம் தேதி கச்சேரி நடந்தது. தென்கோடியில் இருக்கிறவர்களுக்குக் கச்சேரி என்பது மேடையில் விளக்கு அணைவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கன்னியாகுமரிக்குக் கீழே கடல்தான். எதற்கும் வடக்கே போயாக வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மைதானக் கச்சேரிகள் மீதான என் ஆசை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. குழுக்கள் மீது குறையவில்லை, மைதானங்கள் மீதுதான். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு அது அரை வினாடி தாமதமாகத்தான் வந்து சேரும். திரையில் டிரம்ஸ் குச்சி விழுந்துவிட்டது, சத்தம் இன்னும் வழியில் இருக்கிறது. மைதானத்தின் நடுவில் தனியாகக் கோபுரம் கட்டி ஒலிபெருக்கிகளை ஏற்றி, முன்னாலிருந்து வரும் சத்தத்தோடு இணையும்படி அவற்றை வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள். அருமையான தொழில்நுட்பம்தான். ஆனாலும் காதும் கண்ணும் பிணங்கிக்கொண்டேதான் இருக்கும். பிணக்கு இல்லாத இடம் முன்னால் இருக்கிறது, அதற்கு விலை வேறு. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் வந்தபோது, டிக்கெட் விற்பனை நாளில் ஆன்லைன் வரிசையில் லட்சக்கணக்கானவர்கள் காத்துக்கிடந்த கதை எல்லோருக்கும் தெரியும். கள்ளச் சந்தை விலை கேட்டால் தலை சுற்றும். (கோல்ட்ப்ளேயை ராக் குழுவில் சேர்க்கலாமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

ஆகவே பெங்களூரில் ஒரு பெரிய குழுவுக்காக வட்டம் போட்டிருந்தாலும், இந்தப் பருவத்தில் நான் நாள் எண்ணிக் காத்திருப்பது வேறொன்றுக்கு. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன அரங்கு. இருநூறு பேர் நிற்கலாம். மூன்று குழுக்கள். இரண்டாவதாக மேடையேறுவது என் சித்தப்பா மகனின் குழு.

தம்பி பகலில் மார்த்தாண்டத்தில் இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். திருவிழாக் காலத்தில் கானமேளாக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். கேரளத்திலும் எங்கள் மாவட்டத்திலும் திருவிழா கானமேளா இல்லாமல் முடியாது. அம்மன் கோயில் ஆனாலும் அந்தோணியார் குருசடி ஆனாலும் அதே மேடை, அதே கீபோர்டு, அதே டிரம்ஸ், பெரும்பாலும் அதே ஆட்கள். பக்திப் பாட்டில் தொடங்கும், பழைய மெலடிக்குப் போகும், நள்ளிரவு நெருங்க நெருங்க இளைஞர்கள் கேட்கிற குத்துப்பாட்டில் வந்து நிற்கும். வாசிக்கிறவர்களின் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. எந்தச் சுருதியில் கேட்டாலும் அந்த நிமிடமே மாற்றி வாசிப்பார்கள். ஆனால் விடிய விடிய வாசிப்பதில் ஒன்றுகூட அவர்களுடைய பாட்டு இல்லை.

போன வருடம் ஒரு கொடையில் மேடைக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர் மைக்கை வாங்கி நன்கொடை வாசிக்கத் தொடங்கினார். துபாயில் இருக்கும் இன்னார் ஐயாயிரம், மஸ்கட்டில் இருக்கும் இன்னார் பத்தாயிரம். தம்பி கிட்டாரின் வால்யூம் திருகியைச் சுண்டுவிரலால் கிட்டத்தட்ட முழுவதும் இறக்கினான். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தொடைக்கு அடியில் செருகிவிட்டு விரல் நுனிகளால் ஸ்நேர் டிரம்மில் தட்டத் தொடங்கினார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. ஏழு எண்ணிக்கையில் சுழல்கிற ஒரு சின்னத் துண்டு. நான்காவது சுற்றில் தம்பி ஒரு சுரத்தை மட்டும் மாற்றினான், முழு உருவமும் இருண்டுபோனது. பட்டியல் முடிகிற வரை அது அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. கமிட்டிக்காரர் 'அடுத்த பாடல்' என்றதும் குச்சிகள் கைக்கு வந்தன, வால்யூம் ஏறியது, சினிமாப் பாட்டு தொடங்கியது.

அதன் பிறகு நன்கொடை வாசிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துண்டுகள் வளர்ந்து பாட்டுகளாகியிருக்கின்றன. டிசம்பரில் கேட்கப்போவது அவற்றைத்தான். வரிகள் தமிழில், எங்கள் பக்கத்துப் பேச்சில். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவரைப் பற்றி ஒன்று. மின்வெட்டைப் பற்றி ஒன்று. எழுதியவர் இன்வெர்ட்டர் விற்கிறவர் என்பதால் அதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். குழுவுக்குத்தான் இன்னும் பெயர் முடிவாகவில்லை. ஐந்து பேருக்கும் ஐந்து பெயர்.

கானமேளாவை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இத்தனை கைகள் தேறியிருக்காது. ஆனால் அதற்குக் காசு கொடுப்பது கமிட்டி. காசு கொடுக்கிறவர்தான் பாட்டைத் தீர்மானிப்பார், அதில் அநியாயம் ஏதும் இல்லை. கமிட்டிக்கு ஊரில் யாரும் முகம் சுளிக்காத பாட்டு வேண்டும், அப்படிப்பட்ட பாட்டு எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டாகத்தான் இருக்க முடியும். கேட்கிறவர் தன் பையிலிருந்து எடுத்து டிக்கெட் வாங்குகிற இடத்தில்தான் தெரியாத பாட்டுக்கு வழி பிறக்கும். 'என்னதான் வைத்திருக்கிறாய், காட்டு' என்று உட்காருவதற்கு நாம் தரும் விலை அது. மாவட்டம் முழுக்க ஆலயங்களிலும் கோயில் மேடைகளிலும் வாசிக்கிறவர்கள் கொட்டிக் கிடக்க, பெயர் சொல்லும்படி ஒரு ராக் குழு இங்கிருந்து எழவில்லை என்றால் காரணம் வாசிக்கிறவர்களிடம் இல்லை. கேட்கிற நாம் ஓசியிலேயே கேட்டுப் பழகிவிட்டோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கொச்சியில் 13ஏடி குழு ஆங்கிலத்தில் வாசித்த எழுபதுகளின் கடைசியிலிருந்து, அவியல் குழு மலையாளத்திலேயே ராக் பாடி 2008-இல் ஆல்பம் போட்டது வரை முப்பது வருட நடை. 2022 நவம்பரில் கோவளம் அருகே வெள்ளார் கைவினைக் கிராமத்தில் சொந்தப் பாட்டு பாடுகிற சுயாதீனக் குழுக்களுக்கான சர்வதேச இண்டி இசை விழாவே நடந்தது. களியக்காவிளையிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையாக மேடையேறி, கானாவையும் ராக்கையும் ஒன்றாக்கி, பேச வேண்டியதைப் பேசியது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நாம் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். டிக்கெட் 400 ரூபாய் என்று சொன்னதிலிருந்து உறவுக்காரர்கள் என்னை விடவில்லை. 'நம்முடைய பையன்தானே, பாஸ் வாங்கித் தரமாட்டாயா?' இருநூறு பேருக்கும் டிக்கெட் விற்றால்கூட மொத்தம் 80,000 ரூபாய். அரங்கு வாடகை, சவுண்ட், விளக்கு எல்லாம் போக மீதியை மூன்று குழுக்கள் பிரிக்க வேண்டும். இதில் நாற்பது உறவுக்காரர்களுக்கு பாஸ் கொடுத்தால் பையன் கடையிலிருந்து ஒரு பேட்டரியை விற்றுத்தான் ஊர் திரும்ப வேண்டும். பாஸ் கேட்ட பெரியப்பா, கடைக்குப் போனால் பேட்டரியை இலவசமாகக் கேட்பாரா? தள்ளுபடி கேட்பார், அது வேறு. உறவுக்காரர்கள்தான் முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாமே அந்தப் பாட்டுக்கு 400 ரூபாய் பெறாது என்று நினைத்தால், முன்பின் தெரியாதவர் எதற்கு வாங்குவார்?

இதையே நாகர்கோவிலில் ஏன் நடத்தக் கூடாது என்று தம்பியிடம் கேட்டேன். 'அக்கா, இங்கே கிடைப்பதெல்லாம் கல்யாண மண்டபம். வெறும் சுவர். ஒரு அடி அடித்தால் மூன்று முறை திரும்பி வரும்' என்றான். கல்லூரி அரங்குகள் சில இருக்கின்றன, கேட்டால், தலைவர்களின் பிறந்தநாள் விழா என்றால் தருகிறோம் என்கிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியைக் காட்டிப் பயப்படுகிறவர்களும் உண்டு. மூடிய அரங்குக்கு உள்ளே கேட்பதற்கு வைக்கும் ஒலிபெருக்கிக்கு அந்தத் தடை கிடையாது, அதுவும் அதே விதியில்தான் இருக்கிறது. அடுத்த வருடம் ஒரு கல்லூரியாவது ஒரு சனிக்கிழமை கதவைத் திறக்கட்டும். திருவனந்தபுரத்துக் குழுக்கள் இங்கே வரட்டும், டிக்கெட் வாங்க நான் முதல் ஆளாக நிற்கிறேன்.

இடம் சின்னதானாலும் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. உள்ளே போனதும் முதலில் வெளியே வருகிற வழிகளைப் பார்ப்பேன். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி பல்கலைக்கழகத்தில், திடீர் மழைக்குக் கூட்டம் அரங்கத்துக்குள் நெருக்கியடித்துப் படிகளில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். கச்சேரி கேட்கப் போன பிள்ளைகள். வாசல் எத்தனை, மழை பெய்தால் கூட்டம் எங்கே ஒதுங்கும், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று நடத்துகிறவர்களை முன்கூட்டியே கேட்பது நச்சரிப்பு ஆகாது. இந்த அரங்குக்கு இரண்டு வாசல்கள், தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டான்.

வருகிறவர்களுக்கு: தக்கலை பஸ் நிலையத்தருகே மூன்று மணிக்கு வேன் கிளம்பும், பாறசாலையில் நெரிசல் நிச்சயம், தாமதித்தால் காத்திருக்கமாட்டோம். காதுக்கு அடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது, டிரம்ஸ்காரருக்கு அது இன்னும் எட்டவில்லை. டிக்கெட்டை அவரவர் காசில் வாங்க வேண்டும். பெரியப்பா நேற்றே வாங்கிவிட்டார். முன் வரிசையில் ஓரத்து நாற்காலி வேண்டுமாம், கால் நீட்டி உட்கார. அங்கே நாற்காலியே கிடையாது என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.