செந்தளிருக்கு மருந்து

(ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பு. வெள்ளை ஈக்கும் வேர்வாடலுக்கும் மருந்தடித்தே அலுத்து, எந்த இலையைப் பார்த்தாலும் சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்ட மாமா, மாப்பிள்ளை வாசலில் நட்டிருக்கும் கன்றின் முன் ஸ்பிரேயரும் தோளுமாக நிற்கிறார்.)

மாமா: மாப்பிள்ளை, கன்று கைவிட்டுப் போகிறது. கீழே பச்சையாக இருக்கும் இலை, நுனிக்குப் போகப் போக இளஞ்சிவப்பாகித் துவண்டு தொங்குகிறது பாருங்கள்.

மாப்பிள்ளை: பொறுங்கள் மாமா, அது தளிர். இது ரைபெரி என்னும் ஆஸ்திரேலிய மழைக்காட்டு மரம். குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் தானாக வளர்வது. அதற்குத் தளிரில் சிவப்பு நிறமிதான் முதலில் தெரியும், பச்சையம் பிறகுதான் ஏறும்.

மாமா: இலை பிறக்கும்போதே சிவப்பாகப் பிறக்குமா?

மாப்பிள்ளை: வரப்போரத்தில் இருக்கும் உங்கள் மாமரத்துத் தளிர் என்ன நிறம்?

மாமா: செம்பு நிறம்.

மாப்பிள்ளை: அதற்கு ஏன் மருந்தடிக்கவில்லை?

மாமா: அது அப்பாரு நட்டது. அப்பாரு நட்டதற்கு நோய் வராது. அது கிடக்கட்டும், இது காய்க்குமா?

மாப்பிள்ளை: காய்க்கும். சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக, பேரிக்காய் வடிவில் சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாக வரும். புளிப்போடு லேசான கிராம்பு வாசம் இருப்பதால், அங்கே ஜாம் காய்ச்சுகிறார்கள்.

மாமா: கிலோ என்ன விலைக்குப் போகும்? பொள்ளாச்சிச் சந்தையில் இறக்கினால் யார் வாங்குவார்கள்?

மாப்பிள்ளை: ஒருவரும் வாங்க மாட்டார்கள், நாமே தின்ன வேண்டியதுதான்.

மாமா: காசுக்கு ஆகாத பழத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் வேறா! சரி, புளிக்கும் பழத்தில் கிராம்பு வாசம் எப்படி வந்தது?

மாப்பிள்ளை: நெருங்கிய உறவுதான் மாமா. கிராம்பு, நம் நாவல், இது எல்லாமே சிசிஜியம் என்னும் ஒரே பேரினம். அதில் ஏறக்குறைய 1,200 இனங்கள் இருக்கின்றன.

மாமா: (ஸ்பிரேயரை இறக்கி வைத்து) நாவலுக்குப் பங்காளி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் மருந்தைக் கலக்குகிறேன்? காட்டில் எவ்வளவு உயரம் போகும்?

மாப்பிள்ளை: 30 மீட்டர் வரைக்கும் போகும் என்கிறார்கள். வீட்டு வாசலில் அவ்வளவு வளராது. அவ்வப்போது வெட்டிவிட்டு உயிர்வேலியாகவும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேறொரு யோசனை இருக்கிறது. கிணற்றடி நாவல் மண்ணுக்குப் பழகிய மரம் அல்லவா? அதில் இதை ஒட்டுக் கட்டிப் பார்க்கலாமா?

மாமா: வாயைக் கழுவுங்கள் மாப்பிள்ளை! இரண்டும் ஒரே கூட்டம் என்று இப்போதுதான் சொன்னீர்கள். ஒரே கூட்டத்துக்குள் சம்பந்தம் செய்தால் ஊரில் என்ன பேசுவார்கள்?