நூறு குழி, நூறு சுற்று

என் சித்தி மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். போன வருஷம் ஒரு ராத்திரி கூப்பிட்டு, "அண்ணே, ஒரே நாள்ல நூறு குழி கோல்ஃப் ஆடப் போறேன். குழிக்கு எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த அம்மா போனை வாங்கி, "எதுக்குய்யா இது, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். "சின்னப் பிள்ளைகளுக்காக, பெரியம்மா" என்றான்.

விவரம் இதுதான். அங்கே யூத் ஆன் கோர்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கோல்ஃப் மைதானக் கட்டணம் பெரியவர்களுக்கே கையைக் கடிக்கும். இதில் சேர்ந்த பிள்ளைகள் ஐந்து டாலரோ அதற்கும் குறைவாகவோ கொடுத்து ஆடலாம். அதற்குப் பணம் திரட்டத்தான் நூறு குழி. ஒரு முழு ஆட்டம் 18 குழி, நாலு மணி நேரம் பிடிக்கும். நூறு என்றால் ஐந்தரை ஆட்டம், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. விடியும் முன்னால் ஆரம்பித்து பொழுது சாயும்போது முடித்திருக்கிறான்.

குழிக்குப் பத்து ரூபாய் என்று ஆயிரம் அனுப்பினேன். முடித்த அன்று ஒரே ஒரு படம் போட்டான். கையுறை போடாத அவனுடைய வலது கை. கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. எந்தப் பிள்ளையின் முகமும் அதில் இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு வேறொரு படம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிகழ்ச்சி. மாவட்ட அளவில் 1500 மீட்டர் ஜெயித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஷூ கொடுத்தார்கள். பெட்டியை ஆறு பேர் பிடித்துக்கொள்ள, நடுவில் அவள் வெறுங்காலோடு. "கால் தெரியிற மாதிரி நில்லும்மா" என்றார் படம் எடுத்தவர். அவள் ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தை மறைத்தாள். கீழே உட்கார்ந்திருந்த நானும் கை தட்டினேன்.

பணம் கேட்கிறவன் தன் உடம்பைக் காட்டிக் கேட்கட்டும். பிள்ளையின் இல்லாமையை ஏன் காட்ட வேண்டும்?

இது அமெரிக்காவிலிருந்து வந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமும் இல்லை. திருச்செந்தூருக்கு நடந்தே போகிறோம். பால்குடம் எடுக்கிறோம். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் தன் உடம்பை வருத்தித்தான் நேர்ந்துகொள்கிறாள். ஊர்க் கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டால் ஒரு வீடும் பாக்கி வைக்காது. கொடை முடிந்ததும் வரவு செலவைச் சபையில் வாசிக்கிறார்கள், ஐம்பது ரூபாய் சூடம் வரைக்கும். பணம் கேட்கும் முறை, கணக்குச் சொல்லும் முறை எல்லாம் நம்மிடம் இருக்கிறது. ஊரான் பிள்ளை ஓடுவதற்கு மட்டும் அதை நாம் எடுப்பதில்லை.

சரி என்று, இங்கே ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காகப் போன மார்கழியில் நானே இறங்கினேன். பாளையங்கோட்டையில் நான் தினமும் நடக்கிற மைதானம், 400 மீட்டர் தடம். நூறு சுற்று, நாற்பது கிலோமீட்டர். எனக்கு வயது 47, ஓட்டமெல்லாம் ஆகாது, நடைதான். காலை நாலு மணிக்கு ஆரம்பித்தேன். அறுபது சுற்று வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வெயில் ஏற ஏற இடது குதிகால் தரையில் பட்டாலே சுரீர் என்றது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் யாரும் சொல்லாமலே சுவரோரம் உட்கார்ந்து கரித்துண்டால் கோடு போட்டு எண்ணினார்கள். "மாமா, 83!" என்று கத்துவார்கள். ஒரு சுற்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஒன்றரை மணிக்கு முடித்தேன்.

"சும்மா கேட்டாலே தருவோமே, எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒரு நண்பர் கேட்டார். மூன்று வருஷம் சும்மாதான் கேட்டேன். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்தான் வந்தது. சுற்றுக்கு இவ்வளவு என்று கேட்டபோது 46 பேர் தந்தார்கள். டீக்கடை அண்ணாச்சி சுற்றுக்கு ஒரு ரூபாய் என்று நூறு ரூபாயைக் கையில் கொடுத்தார். மற்ற நேரத்தில் நூறு ரூபாயை நீட்ட அவர் கூச்சப்பட்டிருப்பார்.

கணக்கு: வரவு 58,700. ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஓட்ட ஷூ) 14 ஜோடி, ஜோடி 1,800 வீதம் 25,200. வெளியூர்ப் போட்டிக்குப் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு 19,500. மீதி 14,000 வங்கியில், பயிற்சி முடிந்து கொடுக்கும் முட்டைக்கும் சுண்டலுக்கும். ரசீது எல்லாம் என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஷூவைக் கடைக்கே கூட்டிப்போய் அவரவர் காலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கினோம். படம் எடுக்கவில்லை.

1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரியும் வரை நம்மோடு இருந்த கோவில்பட்டி எத்தனை ஹாக்கிக்காரர்களைத் தந்திருக்கிறது! 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன்தான். நம் மண்ணில் காலுக்குக் குறையே இல்லை. பஸ் காசில்லாமல் போட்டிக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளை எனக்கே தெரியும்.

இந்த மார்கழியிலும் நடக்கிறேன். தம்பி ஊருக்கு வருகிறான், அவனும் கூட நடப்பான். சுற்றுக்கு எவ்வளவு என்று உள்பெட்டியில் சொல்லுங்கள், ஐம்பது பைசா என்றாலும் எழுதிக்கொள்கிறேன். கரித்துண்டை இப்போதே பிள்ளைகள் எடுத்து வைத்துவிட்டார்கள்.