மூதாதையர் பாவம் மன்னிப்பைத் தடுக்குமா?

"முன்னோர் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை துரத்தும், அந்தச் சாபம் நீங்காமல் மனந்திரும்பியும் பயனில்லை" என்று பைபிளின் யாத்திராகமம் 20:5-ஐக் காட்டி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பாதி வசனத்தை வெட்டி எடுத்ததுதான் கோளாறு. "என்னைப் பகைக்கிறவர்களை" என்ற நிபந்தனை அதே வசனத்திலேயே இருக்கிறது. அடுத்த வசனமோ, கடவுளிடம் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைவரை இரக்கம் என்கிறது. நான்கு எங்கே, ஆயிரம் எங்கே!

இதே குழப்பம் தீர்க்கதரிசி எசேக்கியேலின் காலத்திலும் இருந்தது. பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிற்று என்று ஜனங்கள் பழமொழி பேசினார்கள். அவருடைய புத்தகத்தின் 18-ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கு மறுப்புதான்: தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை (20), துன்மார்க்கன் திரும்பினால் அவனுடைய பழைய மீறுதல்கள் நினைக்கப்படுவதில்லை (21-22). இடையில் சாபநிவாரணச் சடங்கு எதுவும் கிடையாது, காணிக்கையும் கேட்கப்படவில்லை.

யூதாவின் ராஜாக்களைப் பாருங்கள். கெட்ட ஆகாசின் மகன் நல்ல எசேக்கியா. அவன் மகன் மனாசே தன் பிள்ளைகளையே தீக்கடக்கப் பண்ணியவன். அவனும் சிறைப்பட்டுத் தாழ்ந்து கெஞ்சியபோது கேட்கப்பட்டான் (2 நாளாகமம் 33:12-13). அவனுடைய பேரன் யோசியாவோ நல்ல ராஜா.

ஆனால் விளைவுகள் உடனே மறைந்துவிடும் என்றும் வேதம் சொல்லவில்லை. மனாசேயின் செயல்களால் எருசலேமுக்கு வந்த தீர்ப்பு நீங்கவில்லை (2 இராஜாக்கள் 23:26). யோசியாவின் விண்ணப்பமோ கேட்கப்பட்டது. அந்த அழிவை அவன் கண்கள் காணாது என்று உல்தாள் என்ற தீர்க்கதரிசினி மூலம் பதில் வந்தது (22:19-20).