பொம்மை இல்லாதவர்களும் 90ஸ் பிள்ளைகள்தான்

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான் சொல்கிறேன். 90களின் பொம்மைகளையும் விளையாட்டுகளையும் வரிசையாகக் காட்டி, "இதில் எத்தனை உங்களிடம் இருந்தது?" என்று மதிப்பெண் போடுகிற வீடியோ. என் அக்கா அதன் கீழே "என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை" என்று எழுதினாள். "அப்போ நீங்க 90ஸ் பிள்ளையே இல்லை" என்று சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு.

அவள் 1982-ல் பிறந்தவள். 90களில் சிறுபிள்ளையாக இருந்த எல்லோரும் 90ஸ் பிள்ளைகள்தான். கையில் வைத்து ஆடுகிற பிரிக் கேமும் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த வீரர் சீட்டும் வைத்திருந்தவர்கள் மட்டும் இல்லை.

எனக்கும் அந்தப் பொம்மைகள் மேல் ஆசை உண்டு. பொங்கல் திருவிழாக் கடையில் தகரப் படகு விற்பார்கள். குழாயில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய்த் திரியைக் கொளுத்தி உள்ளே வைத்தால், தண்ணீர் சூடாகிப் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு அண்டாவைச் சுற்றி வரும். எனக்கு அம்மா ஒன்று வாங்கித் தந்தாள். அக்காவுக்கு வளையல். பையனுக்குத்தானே படகு!

அந்தப் பட்டியலில் தீப்பெட்டிப் படமும் இருக்கிறது. புலி, கிளி, தாமரை என்று சேர்த்து, வட்டம் போட்டு வைத்து, சில்லால் அடித்து வெளியே தள்ளுவோம். "காசே இல்லாமல் கிடைத்த சந்தோஷம்" என்கிறது வீடியோ. நாங்கள் தீப்பெட்டித் தொழில் நடக்கிற சாத்தூர்ப் பக்கம். அந்தப் பெட்டிகளை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் ஒட்டினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா பசைக் கிண்ணத்தோடு உட்காருவாள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எனக்குப் படகு வந்ததும் அந்தக் காசில்தான். எங்கள் தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் விடியுமுன்னே வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்குப் போனார்கள். இருட்டிய பிறகு திரும்புகிற பிள்ளை எப்போது பம்பரம் விடுவது?

"ஜாலியான வீடியோவில் எதற்கு வறுமையை இழுக்கிறாய்?" என்று கேட்பீர்கள். நான் இழுக்கவில்லை. அவள் ஒரு வரி எழுதினாள், நீங்கள் சிரித்தீர்கள். "நாங்களும் கஷ்டப்பட்டவர்கள்தான், நுங்கு வண்டி ஓட்டினோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, ஓட்டினீர்கள். நுங்கு தின்று மிஞ்சிய பனங்காய்க் கூட்டில் குச்சியைச் செருகி ஊரைச் சுற்ற உங்களுக்குச் சாயங்காலம் இருந்தது. அவளுக்கு அது இல்லை. அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாவம், போனைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்" என்கிறவர்களே, என் அக்காவின் மகள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து படம் வரைகிறாள். அவளைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வேலை செய்த குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அபாயத் தொழிலில் குழந்தையை வைத்திருந்தால் முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தக் குழந்தைகளுக்கும் அப்போது நம் வயதுதான். எந்த நினைவுப் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

தீப்பெட்டிப் படத்தைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லவில்லை. அதை ஒட்டிய பிள்ளையைப் பார்த்து "நீ எங்களில் ஒருத்தி இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் நட்பில் இருந்துகொண்டு அங்கே சிரித்தவர்கள், அவளிடமே போய் ஒரு வார்த்தை பேசுங்கள். எனக்கு விளக்கம் எழுத வேண்டாம்.