வால்டாக்ஸ்னா என்ன சார்?

போன வாரம் சென்ட்ரல் வாசலில் ஆட்டோ ஏறினேன். வண்டி வால்டாக்ஸ் ரோட்டில் திரும்பியதும் சும்மா இருக்கமாட்டாமல், "வால்டாக்ஸ்னா என்னண்ணே?" என்று கேட்டேன். "வால்டாக்ஸ்னா வால்டாக்ஸ்தான் சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

1758-59இல் பிரெஞ்சுப் படை வந்து முற்றுகை போட்டுவிட்டுப் போனதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்டப் பார்த்த வரிதான் 'வால் டாக்ஸ்'. வரி வசூலாகவே இல்லை, மதிலும் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் மட்டும் ஆட்டோக்காரர் வாயில் இருக்கிறது. மிச்சமிருக்கும் மதில் துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. நான் போனபோது மேலே நாலு பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், கைப்பிடியில் யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, கயிறு கட்டி "தொடாதே" என்று எழுதி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் நுங்கம்பாக்கம் கல்தூண் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்துக்குள் இருக்கிறது. 1792இல் அங்கே கட்டிய வானாய்வகத்தில் கருவியைத் தாங்க நிறுத்திய தூண் அது. 15 அடி உயரம், 10 டன் எடை, ஒரே கருங்கல். ஆயிரம் வருஷம் கழித்து வருபவர்களுக்கும் சேதி தெரியட்டும் என்று தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்து வைத்தார்கள். கம்பெனியின் தற்பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் இந்தியா முழுக்க ரயில்கள் ஒரு காலத்தில் ஓடியது இங்கே கணித்த மெட்ராஸ் நேரத்தில். 1906இல் இன்றைய இந்திய நேரம் வந்தபோது அதைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான். 1861இல் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் இங்கிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

சென்னை தினம் வந்தால் ரிப்பன் மாளிகை, சென்ட்ரல், ஹைகோர்ட் என்று சிவப்பும் வெள்ளையுமாக அதே நாலு படத்தைப் போட்டு லைக் வாங்கிக்கொள்கிறோம். நானும் போட்டவன்தான். சரி, அழகான கட்டடங்கள், யார் இல்லையென்றது? ஆனால் அதெல்லாம் நாம் படம் போடாவிட்டாலும் நிற்கும். இந்தத் தூண் அலுவலக வளாகத்துக்குள் இருக்கிறது, நினைத்த நேரத்தில் நுழைந்து பார்க்க முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்து விடலாம். வெளியே பஸ் ஸ்டாப்பில் தமிழில் நாலு வரிப் பலகை ஒன்று வைக்கலாம். வால்டாக்ஸ் ரோட்டு முனையிலும் ஒன்று. இதற்கென்ன கோடிக்கணக்கிலா செலவாகப் போகிறது?

அப்புறம், மாடிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி உயிர் போய்விடும்.